பந்தயக் காரின் சிவப்புச் சாவி எங்கே இருக்க வேண்டும்?

மாணவர்களே, உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியைப் பாருங்கள். பல மோட்டார் சைக்கிள்களில் அங்கே சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டினால் இயந்திரம் உடனே நின்றுவிடும். தொடக்கப்பள்ளி அறிவியலில் 'விசை' என்று படித்தீர்களே, அதே சுவிட்ச்தான்.

அது ஏன் இருக்கைக்கு அடியில் இல்லை? ஏன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லை? விடை எளிது. மோட்டார் சைக்கிள் சறுக்கும் நேரத்தில் உங்கள் வலது கை முடுக்கியின் மேல் இருக்கும். கட்டைவிரலை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும், சுவிட்ச் எட்டிவிடும்.

மூவார், மரத் தளவாடத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தில் காளான் வடிவத்தில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் இருக்கும். இரண்டு கைகளும் பலகையைப் பிடித்திருக்கும்போதுகூட தொழிலாளியின் கைக்கு அது அருகிலேயே இருக்க வேண்டும். எட்டு அடி தள்ளிச் சுவரில் இருந்தால் என்ன பயன்?

ஆபத்து நேரத்தில் உதவும் ஒரு சுவிட்சுக்கு அது எப்படிச் செய்யப்பட்டது என்பது எவ்வளவு முக்கியமோ, அது எங்கே பொருத்தப்பட்டது என்பதும் அவ்வளவு முக்கியம். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு சுவிட்சைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம். அது பந்தயக் காரின் பேட்டரித் துண்டிப்பு சுவிட்ச். அதைப் பொருத்தச் சரியான இடம் எது என்ற கேள்வியில் மின்னியல், வேதியியல், இயக்கவியல், மனிதக் கையின் நீளம் எல்லாமே வந்து சேர்கின்றன.

ஒரு சிறிய பெட்டியில் எவ்வளவு ஆற்றல்?

சாதாரணக் காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. அதன் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 45-ஆல் பெருக்கினால் 540 வாட்-மணி. ஒரு வாட்-மணி 3,600 ஜூல். ஆக, அந்தப் பெட்டிக்குள் ஏறக்குறைய 1.9 மில்லியன் ஜூல் ஆற்றல் இருக்கிறது.

12 வோல்ட் மனித உடலுக்குப் பெரிய அதிர்ச்சி தராது. அதனால் அது ஆபத்தற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஆபத்து வோல்ட்டில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் மின்னியக்கு விசை, அகத்தடை ஆகியவற்றைப் படிப்பீர்கள். கார் பேட்டரியின் அகத்தடை மிகக் குறைவு. அகத்தடையும் கம்பியின் தடையும் சேர்ந்து 0.01 ஓம் என்று கொள்வோம். பேட்டரியின் நேர்முனைக் கம்பி நசுங்கி, காரின் உலோக உடலில் நேரடியாகப் பட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஓம் விதிப்படி 12-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1,200 ஆம்பியர். உங்கள் வீட்டு மூன்று முள் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர்தான். அதைவிட ஏறக்குறைய 90 மடங்கு மின்னோட்டம் ஒரே கம்பியில் பாயும். கம்பி சில விநாடிகளில் சூடேறும். மேலுறை உருகும். பட்ட இடத்தில் உலோகமே பொறியாகச் சிதறும்.

'ஃபியூஸ் உருகிக் காப்பாற்றாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. காரின் விளக்கு, ஒலிப்பான், விசிறி போன்றவற்றுக்கு ஃபியூஸ் உண்டு. ஆனால், பேட்டரியிலிருந்து இயந்திரத்தைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பியில் பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. அந்த மோட்டார் கிளம்பும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதே காரணம்.

தீயின் மூன்று தேவைகள்

தீ எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். விபத்தில் சிக்கிய பந்தயக் காரில் ஆக்சிஜனை அகற்ற முடியாது. சுற்றிலும் காற்று இருக்கிறது. எரிபொருளையும் அகற்ற முடியாது. தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. மிஞ்சுவது வெப்பம், அதாவது தீப்பொறி.

பெட்ரோல் ஆவி காற்றுடன் சரியான அளவில் கலந்திருந்தால் ஒரு மில்லிஜூலில் நான்கில் ஒரு பங்கு ஆற்றல் கொண்ட பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். நம் பேட்டரியில் இருப்பது அதைப்போல் 7 பில்லியன் மடங்குக்கும் மேல். பொறி எங்கே எழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் மின்சாரத்தையே மொத்தமாகத் துண்டித்துவிடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய கார்களில் பெட்ரோலைத் தொட்டியிலிருந்து இயந்திரத்துக்குத் தள்ளுவது ஒரு மின்பம்ப். விபத்தில் குழாய் அறுந்தாலும், மின்சாரம் இருந்து இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த பம்ப் பெட்ரோலை வெளியே பீய்ச்சிக்கொண்டே இருக்கலாம். சுவிட்சைத் துண்டித்தால் பொறியும் நிற்கும், பம்பும் நிற்கும்.

பெட்ரோல் தீ எவ்வளவு வேகமானது என்பதை 2020 நவம்பர் 29 அன்று உலகம் பார்த்தது. பஹ்ரேன் ஃபார்முலா 1 பந்தயத்தின் முதல் சுற்றிலேயே ரொமான் குரோஷானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. மோதிய கணமே தீப்பிழம்பு எழுந்தது. அரை நிமிடத்துக்குள் அவர் தாமாகவே வெளியே வந்து உயிர் தப்பினார். கையில் தீக்காயம் ஏற்பட்டது. பந்தயப் பாதுகாப்பில் நேரம் விநாடிகளில்தான் கணக்கிடப்படுகிறது.

பேட்டரியைத் துண்டித்தும் இயந்திரம் ஓடுமா?

இங்கே ஒரு வியப்பான செய்தி. ஓடிக்கொண்டிருக்கும் காரில் பேட்டரிக் கம்பியை மட்டும் துண்டித்தால் இயந்திரம் பெரும்பாலும் நிற்காது!

காரணம், காரில் இரண்டு மின்மூலங்கள் உள்ளன. ஒன்று பேட்டரி. மற்றொன்று, இயந்திரம் சுழலும்போது அதனுடன் சேர்ந்து சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். பேட்டரி போனாலும் ஆல்டர்னேட்டர் தீப்பொறிச் சுருளுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருக்கும்.

அது மட்டுமல்ல. ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்துகொண்டிருக்கும்போது திடீரென பேட்டரி அறுபட்டால், அந்த மின்னோட்டம் போக வழியில்லாமல் மின்னழுத்தம் எகிறும். வழக்கமாக 14 வோல்ட் இருக்கும் இடத்தில் ஒரு கணம் 80 வோல்ட்டையும் தாண்டக்கூடும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகளும் காரின் கணினியும் பழுதாகலாம்.

எனவே பந்தயக் காருக்கான துண்டிப்பு சுவிட்சில் ஆறு முனைகள் இருக்கும். இரண்டு பெரிய முனைகள் பேட்டரியைத் துண்டிக்கும். இரண்டு சிறிய முனைகள் இயந்திரத்தின் தீப்பொறி மின்சுற்றைத் துண்டிக்கும். அதனால் இயந்திரம் நிற்கும். கடைசி இரண்டு முனைகள் இதற்கு நேர்மாறு. மற்றவை திறக்கும்போது இவை மூடும். மூடி, ஆல்டர்னேட்டரில் எஞ்சிய மின்னோட்டத்தை 3 ஓம் மின்தடை ஒன்றின் வழியாகக் காரின் உடலுக்கு அனுப்பிவிடும்.

கணக்கு பாருங்கள். 14 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 4.7 ஆம்பியர். திறன் சுமார் 65 வாட். இதற்குப் பயன்படும் மின்தடையோ பெரும்பாலும் 11 வாட் தாங்கக்கூடியதுதான். ஆனாலும் அது எரிந்துபோவதில்லை. ஏன்? இயந்திரம் சுழன்று நிற்கும் சில விநாடிகளுக்கு மட்டுமே அதற்கு வேலை.

அனைத்துலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: துண்டிப்பு சுவிட்ச் எல்லா மின்சுற்றுகளையும் துண்டிக்க வேண்டும், இயந்திரத்தையும் நிறுத்த வேண்டும், தன்னிடமிருந்து பொறி வெளியே வராதபடி மூடப்பட்டிருக்க வேண்டும். பெரிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது சுவிட்சுக்குள்ளேயே பொறி எழும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் அந்தப் பொறியே எமனாகிவிடக் கூடாதல்லவா?

யாருடைய கை?

சரி, சுவிட்ச் தயார். எங்கே பொருத்துவது? இதற்கு முன் இன்னொரு கேள்வி: அதை யாருடைய கை இயக்கப் போகிறது?

முதலாவது, ஓட்டுநரின் கை. பந்தய ஓட்டுநர் சாதாரண இருக்கை வார் அணிவதில்லை. தோள், இடுப்பு, கால் என ஐந்து அல்லது ஆறு இடங்களில் இறுக்கிக் கட்டும் வார் அணிகிறார். அவரால் முன்னே குனிய முடியாது. பக்கத்தில் சாயவும் முடியாது. தலைக்கவசம் பார்வையைக் குறைக்கும். கையுறை தடிமனாக இருக்கும். வாரை அவிழ்க்காமலேயே அவர் சுவிட்சைத் தொட வேண்டும்.

இரண்டாவது, மார்ஷலின் கை. பந்தயத் தடத்தின் ஓரங்களில் ஆரஞ்சு அல்லது வெள்ளை உடையில் தீயணைப்பானுடன் நிற்பவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள்தாம் மார்ஷல்கள். ஓட்டுநர் மயங்கிக் கிடந்தால் வெளியிலிருந்து சுவிட்சை அணைப்பது அவர்கள் பொறுப்பு. அவர்கள் அந்தக் காரை முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். புகைக்கு நடுவே தேட நேரமும் இருக்காது.

எனவே எல்லாக் கார்களிலும் ஒரே குறியீடு. வெள்ளை விளிம்பு கொண்ட நீல முக்கோணம், அதன் நடுவில் சிவப்பு மின்னல். முக்கோணத்தின் அடிப்பக்கம் குறைந்தது 12 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஜப்பானில் தயாரான காராக இருந்தாலும் மலேசியாவில் தயாரான காராக இருந்தாலும், மார்ஷல் எந்த மொழி பேசுபவராக இருந்தாலும், அந்த முக்கோணத்தைக் கண்டால் பொருள் ஒன்றே. அடுத்த முறை பந்தயக் காரின் படத்தைப் பார்க்கும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் அதைத் தேடிப் பாருங்கள்.

ஐந்து இடங்கள், ஐந்து சோதனைகள்

இப்போது நீங்களே வடிவமைப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய புரோட்டான் சாகாவைப் பந்தயக் காராக மாற்றுகிறீர்கள். சுவிட்சுக்கு ஐந்து இடங்களைப் பரிசீலிக்கலாம்.

முதல் இடம், ஓட்டுநரின் கதவு. கைக்கு நெருக்கமானது. ஆனால் கதவு திறந்து மூடும் பொருள். ஒவ்வொரு முறையும் தடித்த கம்பி வளைந்து நிமிரும். நாளடைவில் மேலுறை வெடிக்கும். பக்கவாட்டு மோதலில் முதலில் நசுங்குவதும் கதவுதான். நிராகரியுங்கள்.

இரண்டாவது, இயந்திர மூடிக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. கம்பி நீளம் மிகக் குறைவு. ஆனால் ஓட்டுநருக்கு எட்டாது. முன்புறம் மோதினால் மூடி சிக்கிக்கொள்ளும், மார்ஷலுக்கும் எட்டாது. இதையும் நிராகரியுங்கள்.

மூன்றாவது, காருக்குள் முன்பலகையின் நடுவில். ஓட்டுநருக்கு மிக வசதி. மார்ஷல் மட்டும் சன்னல் வழியாகத் தீயும் புகையும் நிறைந்த காருக்குள் கையை விட வேண்டியிருக்கும். பாதி மதிப்பெண்.

நான்காவது, காரின் பின்புறம், எண் பட்டைக்குப் பக்கத்தில். மார்ஷலுக்கு எளிது. ஓட்டுநருக்கு எட்டவே எட்டாது. சுற்றுப் பந்தயத்தில் பின்னால் வரும் கார் இடிப்பதும் சாதாரணம். பாதி மதிப்பெண்.

ஐந்தாவது, முன்கண்ணாடியின் அடியில், அதைத் தாங்கும் தூணின் கீழ்ப்பகுதி. எஃப்.ஐ.ஏ. விதி மூடிய கார்களுக்கு வெளியிலிருந்து இயக்கும் பிடியை இந்தப் பகுதியில்தான் வைக்கச் சொல்கிறது. ஏன் என்று எண்ணிப் பாருங்கள். முன்மோதலில் மூக்குப் பகுதி நசுங்கி ஆற்றலை உள்வாங்கும். பின்மோதலில் வால் பகுதி நசுங்கும். நடுவில் ஓட்டுநர் இருக்கும் பகுதி குழாய்க் கூண்டால் வலுப்படுத்தப்பட்டிருக்கும். அந்தத் தூணின் அடி, கூண்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஓட்டுநர் பிழைத்திருக்கும் அளவுக்கு ஒரு பகுதி தாங்கினால், சுவிட்சும் அங்கே பிழைத்திருக்கும். கார் தலைகீழாகக் கவிழ்ந்தாலும் பக்கவாட்டிலிருந்து மார்ஷலின் கை அதை எட்ட வாய்ப்பு அதிகம்.

உயிருள்ள கம்பியின் நீளம்

ஐந்தாவது இடம் வென்றுவிட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது. இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அனுபவம் குறைந்தவர்கள் அதிகம் கவனிக்காத சிக்கல் இதுதான்.

சுவிட்சை அணைத்தால் எந்தப் பகுதியில் மின்சாரம் நிற்கும்? சுவிட்சுக்கு அந்தப் பக்கம் மட்டும். பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் இடையே உள்ள கம்பி அப்போதும் உயிருடன்தான் இருக்கும். நேர்முனைக் கம்பியில் சுவிட்ச் வைத்தால், அந்தத் துண்டு நசுங்கிக் காரின் உடலில் பட்ட மாத்திரத்தில், முன்பு கணக்கிட்ட அதே 1,200 ஆம்பியர் பாயும். சுவிட்ச் அணைக்கப்பட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

சாகா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களுக்கு மூக்கு கனம். எடையைச் சமன் செய்யப் பந்தய வீரர்கள் 12, 15 கிலோ எடையுள்ள பேட்டரியைப் பின்பக்கத்துக்கு மாற்றுவது உண்டு. அப்போது பேட்டரி பின்னால், சுவிட்ச் முன்கண்ணாடிக்கு அடியில். இடையே மூன்று மீட்டர் கம்பி அணைக்க முடியாதபடி நிற்கும். காரின் முழு நீளத்துக்கும் ஓடும் அந்தக் கம்பியில் எங்கே அடிபட்டாலும் ஆபத்து.

ஆகவே இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மின்னியல் சொல்கிறது: சுவிட்சைப் பேட்டரிக்கு அருகில் வை. மனிதக் கை சொல்கிறது: சுவிட்சை எனக்கு அருகில் வை. எதை விடுவது?

பொறியியலாளர்கள் இரண்டையும் விடவில்லை. சுவிட்சையும் அதன் பிடியையும் பிரித்துவிட்டார்கள்! உண்மையான சுவிட்ச் பேட்டரிக்கு ஓரடி தூரத்தில் இருக்கும். அதிலிருந்து மிதிவண்டியின் பிரேக் கம்பியைப் போன்ற இழுகம்பி ஒன்று முன்கண்ணாடியின் அடிவரை வரும். அதன் முனையில் ஒரு வளையப் பிடி. மார்ஷல் பிடியை இழுத்தால் பின்னால் இருக்கும் சுவிட்ச் அணையும். இழுகம்பியில் மின்சாரம் இல்லை. அது நசுங்கினால் பொறி வராது. அறுந்துபோனால் மட்டும் சுவிட்ச் இயங்காது. எனவே ஓட்டுநருக்கு உள்ளே தனியாக இன்னொரு பிடி வைக்கிறார்கள்.

இன்னும் புதிய முறையில் இழுகம்பியும் இல்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுச் சுவிட்ச் இருக்கும். மெல்லிய கம்பிகளில் இணைத்த இரண்டு பொத்தான்கள், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. எதை அழுத்தினாலும் மின்சாரம் போய்விடும். அந்த மெல்லிய கம்பிகளில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி, மீட்டருக்கு 200 கிராமுக்கு மேல் எடையுள்ளது. அதை முன்பலகைக்குக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவந்தால் எடையும் கூடும், மின்னழுத்தமும் குறையும். மூன்று மீட்டர் கூடுதல் கம்பியின் தடை ஏறக்குறைய 0.002 ஓம். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.3 வோல்ட் வீணாகும்.

பந்தயத்துக்குப் பந்தயம் இடம் மாறும்

எல்லாப் பந்தயத்துக்கும் ஒரே விடை இல்லை. அமெரிக்காவில் புகழ்பெற்ற நேர்கோட்டு வேகப் பந்தயத்தை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு, பேட்டரியை இடம் மாற்றிய கார்களில் சுவிட்சைக் காரின் கடைசிப் பின்பகுதியில் வைக்கச் சொல்கிறது. நாம் பாதி மதிப்பெண் கொடுத்த அதே இடம்! அங்கே ஒவ்வொரு காரும் தனித்தனிப் பாதையில் நேராக ஓடுகிறது. பின்னாலிருந்து இடிக்க இன்னொரு கார் வராது. இன்னொரு நுணுக்கமும் அந்த விதியில் உண்டு. சுவிட்ச் அழுத்தி இழுக்கும் வகையாக இருந்தால், அழுத்துவதுதான் அணைப்பதாக இருக்க வேண்டும். பதற்றத்தில் மனிதக் கை இழுப்பதைவிட எளிதாக அழுத்தும் அல்லவா?

தமிழ்நாட்டின் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் உள்ளது. அங்கே பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த திறந்த கார்களுடன் போட்டியிடும் 'ஃபார்முலா பாரத்' நடைபெறுகிறது. இவ்வகை மாணவர் போட்டிகளின் விதிப்படி, முதன்மைச் சுவிட்ச் காரின் வலப்பக்கத்தில், ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்பு வளையத்துக்கு அருகில், தோள் உயரத்தில் இருக்க வேண்டும். திறந்த காரில் முன்கண்ணாடித் தூண் கிடையாது. அங்கே மிக வலுவான பகுதி அந்த வளையம்தான். இடம் மாறினாலும் காரணம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஃபார்முலா 1 காரில் வெளிப்புறப் பிடியைத் தொலைவிலிருந்து கொக்கியால் இழுக்கும்படி அமைக்கிறார்கள். எரியும் காரை மார்ஷல் நெருங்காமலேயே மின்சாரத்தைத் துண்டிக்கலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் செப்பாங்கில் ஓட்டியபோதும், 2017-இல் அங்கே கடைசியாக ஃபார்முலா 1 நடந்தபோதும் தட ஓரத்தில் மார்ஷல்கள் அதற்கான பயிற்சியுடன்தான் நின்றார்கள்.

ரேலி பந்தயம் வேறு வகை. நம் நாட்டின் கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டான் காரை ஓட்டி, உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். ரேலி கார்கள் காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் ஓடுகின்றன. விபத்து நடந்த இடத்துக்கு உதவி வர நேரமாகலாம். காருக்குள் ஓட்டுநரும் வழிகாட்டியும் என இருவர் இருப்பார்கள். ஒருவர் மயங்கினாலும் மற்றவர் கை சுவிட்சை எட்ட வேண்டும். எனவே இரு இருக்கைகளுக்கும் நடுவில் உள்ள இடம் இங்கே மதிப்புப் பெறுகிறது.

மழையும் அதிர்வும்

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்க முடியாது. 2009-இல் செப்பாங் ஃபார்முலா 1 பந்தயம் பெருமழையால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஓட்டுநர்களுக்குப் பாதிப் புள்ளிகளே கிடைத்தன. செப்பாங்கில் நடக்கும் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயமும் இதே வானிலையில்தான்.

முன்கண்ணாடியின் அடியில் மழைநீர் வழிந்து சேரும். அங்கே சாதாரணச் சாவிச் சுவிட்சைப் பொருத்தினால் நீர் உள்ளே இறங்கி முனைகள் துருப்பிடிக்கும். எனவே நீர்புகா மூடியும் ரப்பர் உறையும் தேவை. விலை குறைந்த சில சுவிட்சுகளின் சிவப்புச் சாவி கழன்று வரும் வகை. ஓயாத அதிர்வில் அது தளர்ந்தால் நேர்ப்பாதையில் பாதி வேகத்தில் கார் அணைந்து போகும். ஆபத்தில் அணையாத சுவிட்ச் எவ்வளவு மோசமோ, தேவையில்லாமல் அணையும் சுவிட்சும் அவ்வளவு மோசம். முழங்கை தவறுதலாகப் படும் இடத்தில் அதை வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

மின்காரில் இது எப்படி?

2014 நவம்பரில் புத்ராஜெயா வீதிகளில் ஃபார்முலா ஈ என்ற மின்கார்ப் பந்தயம் நடந்தது. சென்னையில் பிறந்த கருண் சந்தோக் அதில் கலந்துகொண்டார். மின்காரில் பெட்ரோல் இல்லை. ஆனால் 12 வோல்ட்டுக்குப் பதிலாகப் பல நூறு வோல்ட் இருக்கிறது. அங்கே தொடுவதே ஆபத்து.

2008 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் நடந்த சோதனை ஓட்டத்தில், ஆற்றல் மீட்பு அமைப்பு பொருத்திய ஒரு ஃபார்முலா 1 காரைத் தொட்ட இயந்திரப் பணியாளர் மின்னதிர்ச்சியால் கீழே விழுந்தார். நல்ல வேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. இன்று மின்னாற்றல் அமைப்பு கொண்ட பந்தயக் கார்களில் ஒரு விளக்கு இருக்கிறது. பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தால் தொடக் கூடாது. சுவிட்ச் அணைந்துவிட்டதா என்பதைக் கார் தானே சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

சாலையில் ஓடும் மின்கார்களிலும் உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை போடுகிறார்கள். மீட்புப் படையினர் எதை வெட்டக் கூடாது என்பதைப் பார்த்தவுடன் அறிந்துகொள்ளத்தான் அந்த நிறம்.

இனி எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நிறுத்தும் சுவிட்ச் எங்கே? அந்த நேரத்தில் என் கை எங்கே இருக்கும்? இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமாக இருந்தால், அங்கே ஒரு வடிவமைப்பாளருக்கு வேலை இருக்கிறது. அந்த வடிவமைப்பாளர் நாளை நீங்களாகவும் இருக்கலாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: கைப்பிடியுள்ள நாற்காலி, இரண்டு நீளத் துண்டுகள், வண்ணத் தாள்கள், தடித்த கையுறை.

1. நண்பரை நாற்காலியில் அமர்த்துங்கள். துண்டுகளால் அவருடைய தோளையும் இடுப்பையும் நாற்காலியோடு வலிக்காதபடி கட்டுங்கள். கழுத்தில் படக் கூடாது. பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.
2. நாற்காலியைச் சுற்றி மேசை, சுவர், நாற்காலிக் கால் என ஆறு இடங்களில் வண்ணத் தாள்களை ஒட்டுங்கள்.
3. கையுறை அணிந்து, கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தாளையும் அவர் வலக்கையால் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இடக்கையால் தொடச் சொல்லுங்கள்.
4. வெளியில் நிற்கும் ஒருவர் அதே தாள்களைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அளவிடுங்கள்.
5. மூன்று நேரங்களையும் அட்டவணையாக்குங்கள். மூவருக்கும், அதாவது வலக்கை, இடக்கை, வெளியாள் ஆகியோருக்குக் குறைந்த நேரத்தில் எட்டும் இடம் எது?

உண்மையான கார் பேட்டரியை வைத்து எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

சிந்தனைக்கு

- சுவிட்சை நேர்முனைக் கம்பியில் வைக்காமல் எதிர்முனைக் கம்பியில் வைத்தால், சுவிட்ச் அணைந்த பிறகு நேர்முனைக் கம்பி காரின் உடலில் பட்டால் என்ன ஆகும்? மின்சுற்றை வரைந்து பாருங்கள்.
- கார் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும்போது 'வலப்பக்கம் திருப்பு' என்ற குறிப்பு ஓட்டுநருக்கு உதவுமா, குழப்புமா?
- உங்கள் பள்ளிப் பட்டறையில் அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது? அதைவிட நல்ல இடம் உண்டா? ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.